கைக்குத் தெரிந்த வேலை

நாலாம் வகுப்பில் கோழி செத்த அன்றைக்கு மயங்கி விழுந்தது ஒரே ஒரு பிள்ளைதான். நான் சொல்லும்போது பதினேழு என்று சொல்வேன். ரிட்டையர் ஆனவனுக்கு இந்த உரிமைகூட இல்லையென்றால் எதற்காக ஒரு மனிதன் ரிட்டையர் ஆவது? விழுந்தது பேக்கரிக்காரம்மாவின் மகள். அவள் விழுந்த சத்தத்தில் பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு பன்னிரண்டோடு நின்றது. அந்த வகுப்பில் படித்த ஒருவனுக்கும் இன்றுவரை பதின்மூன்றாம் வாய்ப்பாடு வராது. வேண்டுமானால் பிடித்து நிறுத்திக் கேட்டுப் பாருங்கள்.

கோழியைக் கொன்றவள் என் வீட்டு மாடியில் குடியிருந்தாள். நான் அப்போது அந்தப் பள்ளிக்கூட ஆபீஸில் குமாஸ்தா. ஆக, சம்பவம் நடந்த இடமும் எனக்குத் தெரியும், சம்பவத்தைச் செய்தவள் காலையில் எத்தனை மணிக்குக் குழாயைத் திறப்பாள் என்பதும் எனக்குத் தெரியும்.

மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். புருஷன், பெண்டாட்டி, ஒன்பது வயதில் ஒரு மகள். அங்கே என்னவோ கலவரம், இவர்கள் தெரு எரிந்துபோனது, கிளம்பி வந்துவிட்டார்கள். அவர்கள் பேச்சும் எங்கள் பேச்சும் ஒரே வண்டியில் ஏறி வேறு வேறு ஸ்டாப்பில் இறங்கியவை. காது ஒரு வாரம் பழகினால் எல்லாம் புரியும். புருஷனுக்கு டயர் ரீட்ரெடிங் பட்டறையில் வேலை. அவளுக்கு ஊர்க்கோடியில் கோழிக் கம்பெனியில் வேலை. சாயங்காலம் இரண்டு பேரும் திரும்பி வந்தால் மாடியிலிருந்து நனைந்த இறகு வாசனையும் எரிந்த ரப்பர் வாசனையும் கைகோத்துக்கொண்டு படியிறங்கி வரும்.

"மேல டயர் போட்ட கோழி ஏதாவது ஓடுதா?" என்று என் வீட்டுக்காரி கேட்பாள். ஆனாலும் அவர்களைக் காலி செய்யச் சொல்ல விடமாட்டாள். மாடிப்படியை அப்படித் துடைத்து வைத்திருந்த குடித்தனம் அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வரவில்லை.

கோழிக் கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் வாரத்துக்கு நாலு நாள் கோழி தின்னாத வீடு கிடையாது. ஆனால் அந்தக் கம்பெனிச் சுவரை எட்டிப் பார்த்த ஆளும் கிடையாது. காற்று அந்தப் பக்கத்திலிருந்து அடித்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து கோழி தின்போம். அங்கே வேலை பார்த்தவர்கள் எல்லோரும் வெளியிலிருந்து வந்தவர்கள். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், தரையெல்லாம் ஐஸ் தண்ணீர், எட்டு மணி நேரம் நின்ற நிலை. இவளுக்கு அங்கே முதல் டேபிள். உயிரோடு வருவது இவளிடம்தான் வரும். ஒரு கோழிக்கு நாலு நொடி. இதை நான் பெருக்கிச் சொல்லவில்லை, கம்பெனியிலேயே கடிகாரம் வைத்து எழுதி ஒட்டியிருந்தார்கள். வெளியூரிலிருந்து விருந்தாளி யார் வந்தாலும் மேனேஜர் நேராக அவள் டேபிளுக்குக் கூட்டிக்கொண்டு போவார். அவள் செய்து காட்டுவாள். வந்தவர்கள் கைதட்டுவார்கள்.

சொந்த ஊரில் அவள் கோழியைத் தொட்டதுகூட இல்லை. அவள் அப்பா முட்டை உடைத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷன். அவள் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கலர் போட்டுக்கொண்டிருந்தவள். செத்துப்போனவர்களின் படத்துக்கு உதட்டில் ஒரு இழை சிவப்பு வைப்பாளாம், வீட்டில் மறுபடி அழ ஆரம்பித்துவிடுவார்களாம். விரல் அவ்வளவு சுத்தம். அந்த விரலைப் பார்த்துத்தான் கம்பெனியில் முதல் டேபிளே கொடுத்தார்கள்.

அந்த வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு சர்க்குலர் வந்தது. புதிதாக வந்த குடும்பங்களைப் பள்ளிக்கூடம் அன்போடு வரவேற்க வேண்டும், அவர்கள் மனம் கோணக்கூடாது, அவர்கள் வழக்கங்களை மதிக்க வேண்டும். இதைக் கவனிக்க ஓர் ஆபீசரம்மாவையே போட்டார்கள். எங்களுக்கு அவர் வரவேற்பு ஆபீசர். அப்படி ஒரு மெல்லிய குரல். அவர் பேசி முடித்த பிறகு ஐஸ்கிரீம் சாப்பிட்டால் ஐஸ்கிரீம் கரடுமுரடாகத் தெரியும்.

நாலாம் வகுப்பு டீச்சர் சர்க்குலரைப் படித்து அழுதே விட்டாள். நல்ல மனசு. அந்த நல்ல மனசுக்குப் பக்கத்தில் யாரும் தீப்பெட்டி கொண்டு போகக்கூடாது, அப்படிப்பட்ட நல்ல மனசு. பெற்றோர் வாரம் என்று ஒன்றை ஆரம்பித்து எல்லா வீட்டுக்கும் கடிதம் அனுப்பினாள். டைப் அடித்தவன் நான்.

சாயங்காலம் மாடி வராந்தாவில் மகள் அதை உரக்கப் படித்தாள்.

"'உங்கள் கைக்கு எந்த வேலை மிக நன்றாகத் தெரியுமோ, அதை எங்கள் பிள்ளைகள் முன்னால், ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, கூச்சமில்லாமல் செய்து காட்டுங்கள். இங்கே எதுவும் தவறில்லை.'"

"ஆரம்பத்திலேருந்து கடைசி வரைக்குமா?" என்றாள் தாய்.

"போன வாரம் டெய்லர் மாமா வந்தாரும்மா. துணியை வெட்டிட்டுப் பாதியில கிளம்பிட்டாரு. டீச்சர் மூஞ்சி சுருங்கிடுச்சு. அதான் அப்படிப் போட்டிருக்காங்க."

"படத்துக்குக் கலர் போட்டுக் காட்டு" என்றான் புருஷன். "அதுதானே உன் வேலை."

அவள் மகளின் பள்ளிக்கூடப் படம் ஒன்றை எடுத்து, மகளின் கலர் டப்பாவையே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அரை மணி நேரம் மாடியில் சத்தமே இல்லை. துணி எடுக்கப் போகிற சாக்கில் நானும் போய்ப் பார்த்தேன். பிரஷ்ஷைக் கத்தி பிடிக்கிற மாதிரி உள்ளங்கைக்குள் அமுக்கிப் பிடித்திருந்தாள். விரல் நுனியெல்லாம் ஐஸ் தண்ணீரில் வெடித்துப் பிளந்திருந்தது. கன்னத்தில் வைத்த சிவப்பு வழிந்து காதுவரை போயிருந்தது.

மகள் எட்டிப் பார்த்தாள். "யாரோ என்னை அறைஞ்ச மாதிரி இருக்கும்மா."

தாய் சிரித்தாள். படத்தைக் கவிழ்த்து வைத்தாள். "மூணு வருஷமாச்சு. கை மறந்துபோச்சு."

"அப்போ கம்பெனி வேலையையே செய்ம்மா. நீதான் அங்க ஃபர்ஸ்டுன்னு கிளாஸ்ல சொல்லி வச்சிருக்கேன். யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

"பள்ளிக்கூடத்துலயா? வேண்டாம்" என்றான் புருஷன்.

"ஏங்க? கம்பெனிக்கு வர்ற பெரிய மனுஷங்களே பார்த்துட்டு கைதட்டறாங்க." அவள் என் பக்கம் திரும்பினாள். "சார், கோழி கொண்டு வரலாமா? ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?"

என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? அச்சு அசலாகத் தெரியும். ஆனால் இருபத்தெட்டு வருஷமாக அந்தப் பள்ளிக்கூடத்தில் பார்க்கும்படியாக ஒன்றுமே நடந்ததில்லை.

"கடிதத்துல கூடாதுன்னு இல்லையே" என்றேன்.

புதன்கிழமை காலை, தூறல். அவள் துவைத்த புடவையும் வெள்ளை ஏப்ரனுமாக வந்தாள். ஒரு கையில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, ஒரு கையில் பக்கெட், தோள்பையில் வெந்நீர் பிளாஸ்க் இரண்டு. கத்தியைத் துணியில் சுற்றி, அதற்கு மேல் பேப்பர் சுற்றி, அதற்கு மேல் ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள். நான் கையெழுத்து வாங்குகிற சாக்கில் ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு நாலாம் வகுப்பு வாசலில் போய் நின்றேன்.

பெட்டியைத் திறந்ததும் டீச்சர் கையைத் தட்டினாள். "பிள்ளைங்களா, பாருங்க! ஆன்ட்டி அவங்க வீட்டுச் செல்லத்தைக் கூட்டிட்டு வந்திருக்காங்க!"

வெள்ளைக் கோழி. நல்ல சாது. பிள்ளைகள் வரிசையில் வந்து தடவிக்கொடுத்தார்கள். ஒருத்தி பென்சில் டப்பாவில் தண்ணீர் வைத்தாள். டீச்சர் ஓட்டெடுப்பு நடத்திக் கோழிக்குப் பேர் வைத்தாள். பேக்கரிக்காரம்மாவின் மகள் சொன்ன பேர்தான் ஜெயித்தது. அவள் தன் தலை ரிப்பனை அவிழ்த்து அதன் கழுத்தில் கட்டினாள். தாய் இதையெல்லாம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள் போல என்று நினைத்தாளாம். பிறகு என்னிடம் அப்படித்தான் சொன்னாள்.

"இப்ப ஆன்ட்டி செய்யப்போறதை எல்லாரும் கவனமாப் பார்க்கணும். நடுவுல பேசக்கூடாது. முடிஞ்சதும் கைதட்டணும்" என்றாள் டீச்சர்.

தாய் ரிப்பனை அவிழ்த்தாள். அழுக்குப்படாமல் நாலாக மடித்துச் சொந்தக்காரியிடம் கொடுத்தாள்.

நாலு நொடி.

அந்த வேலையை நான் என் வாழ்நாளில் அவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை. தரையில் ஒரு சொட்டு விழவில்லை. கோழிக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். யாரும் பேசவில்லை, பேசக்கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தாளே! டீச்சரின் சிரிப்பு முகத்திலேயே உறைந்துபோய், இறக்கி வைக்க ஆள் இல்லாமல் நின்றது. ஆரம்பத்திலிருந்து கடைசிவரை என்று எழுதியிருந்ததால் தாய் மேலே போனாள். வெந்நீர், இறகு, குடல், துண்டு. பன்னிரண்டு துண்டும் ஒரே அளவு. ஏழாவது துண்டில்தான் பேக்கரிக்காரம்மாவின் மகள் விழுந்தாள். கைக்குள் அந்த ரிப்பன். அப்புறம் கூச்சலில் கூரை பிய்ந்தது. நான் மூன்று தெரு தள்ளிக் கேட்டது என்று சொல்வேன். ஒரு தெருவுக்குக் கேட்டது நிஜம்தான்.

அந்தக் கூச்சலுக்கு நடுவே அவள் மேஜையைத் துடைத்து, துண்டுகளைத் தட்டில் பூ மாதிரி அடுக்கி, ஏப்ரனில் கையை ஒற்றிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். கைதட்டலுக்குக் காத்திருந்தாள். மூன்றாவது பெஞ்சில் ஒரே ஒரு பிள்ளை தட்டியது. அவள் மகள். இரண்டு தட்டு தட்டிவிட்டு, சுற்றிலும் பார்த்துவிட்டு, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாளே மனு வந்தது. இருபத்திரண்டு பெற்றோர் கையெழுத்து. முதல் கையெழுத்து பேக்கரிக்காரம்மா. கோழி அறுத்தவளின் பிள்ளையை 'அன்பு வகுப்பு'க்கு மாற்ற வேண்டும்.

அன்பு வகுப்பு என்பது சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் ஓர் அறை. புதிதாக வந்த பிள்ளைகளில் தொல்லை கொடுப்பவர்களை அங்கே உட்கார வைத்துப் படங்களுக்கு வண்ணம் தீட்டச் சொல்வார்கள். ரிஜிஸ்டர் என் கையில்தான் இருந்தது. பதினோரு வருஷத்தில் அந்த அறைக்குப் போன பிள்ளை ஒன்றுகூட ஐந்தாம் வகுப்புக்கு வந்ததில்லை. டேபிள் எட்டுகிற உயரம் வளர்ந்ததும் கோழிக் கம்பெனிக்குப் போய்விடும். பள்ளிக்கூடத்தின் பின் கேட்டுக்கும் கம்பெனியின் முன் கேட்டுக்கும் நானூறு அடிதான்.

அன்று சாயங்காலம் புருஷன் என்னைத் தேடிக் கீழே வந்தான். பின்னாலேயே அவள். மகள் கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டாள். என் வீட்டுக்காரி எல்லோருக்கும் டீ கொடுத்தாள்.

"சார், நீங்கதான் ஒரு வழி சொல்லணும். இவ நல்லாப் படிக்கிறா. அந்த ரூம்ல மட்டும் போட்டுடக் கூடாது."

"வழி சர்க்குலர்லயே இருக்கு" என்றேன். "ஒன்பதாவது பாராவுல. புதுசா வந்த குடும்பம் அவங்க வழக்கம், சடங்குன்னு எதைச் செஞ்சாலும் பிள்ளை மேல நடவடிக்கை எடுக்கக்கூடாது. பள்ளிக்கூடம்தான் பொறுத்துக்கணும்."

"அப்படின்னா?"

"அப்படின்னா, இது எங்க ஊர் வழக்கம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. முடிஞ்சுது. ஆபீசரம்மா உங்க காலைத் தொட்டுக் கும்பிட்டாலும் ஆச்சரியமில்ல."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "எங்க ஊர்ல அப்படி ஒரு வழக்கம் இல்லியே சார்."

"இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? மலையேறிப் போய்ப் பார்க்கவா போறாங்க?"

"செங்கல் சூளைக்குப் பின்னாடி எங்க ஆளுங்க பதினாலு வீடு இருக்கு சார். அவங்க காதுக்குப் போகாதா? பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க முன்னாடி கழுத்தறுக்கற ஜாதின்னு நானே எழுதிக் கொடுக்கணுமா? ஊரே எரிஞ்சுபோச்சு. மிச்சம் இருக்கறது பேர் மட்டும்தான்."

"பேரை வச்சுக்கிட்டு என்னய்யா பண்ணுவே?" என்றாள் என் வீட்டுக்காரி. "புள்ளைக்கு நோட்டுக்கு அட்டையா போடுவே?"

"இல்லம்மா, இது கம்பெனி வேலைன்னு உள்ளதைச் சொன்னா என்ன? இந்த ஊருக்காகத்தானே செய்யறா?"

"உள்ளதைச் சொன்னா ஒன்பதாவது பாரா கிடையாது" என்றேன். "வழக்கம்னா மதிப்பாங்க. வேலைன்னா யார் மதிப்பாங்க?"

 அவள் வெடித்த விரலை டம்ளர் சூட்டில் வைத்து ஒற்றிக்கொண்டிருந்தாள். "நான் சொல்லிடறேன்" என்றாள். "ஒரு வார்த்தைதானே."

"உங்கப்பா இருந்திருந்தா..."

"அவர்தான் இல்லியே."

படியில் உட்கார்ந்திருந்த மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒன்பதாவது பாராவா மாமா?" என்று என்னிடம் ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கூட்டம். எங்கள் ஹெச்.எம். வழக்கம்போல் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார். வரவேற்பு ஆபீசர் நடு நாற்காலி. டீச்சர் கைக்குட்டையும் கையுமாக. பெற்றோர் சார்பில் பேக்கரிக்காரம்மா. நடவடிக்கைக் குறிப்பு எழுத நான். குழந்தையின் குரலையும் கேட்க வேண்டும் என்று சர்க்குலர் சொல்வதால் மகளையும் அழைத்திருந்தார்கள். புருஷன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான், காலரில் மட்டும் டயர் கறுப்பு.

"பயப்படாதீங்கம்மா" என்றார் ஆபீசர். "இது விசாரணை இல்ல. நாங்க உங்ககிட்ட கத்துக்கத்தான் வந்திருக்கோம். சொல்லுங்க, இந்த வழக்கம் உங்க பக்கத்துல எத்தனை தலைமுறையா இருக்கு?"

கதவை அகலத் திறந்து, கம்பளம் விரித்துக் கேட்ட கேள்வி. தலையை ஆட்டினால் போதும். அவளும் ஆட்டத்தான் போனாள். அதற்குள் பேக்கரிக்காரம்மா முந்திக்கொண்டாள்.

"தலைமுறையாவது ஒண்ணாவது. இவங்களுக்கு அது ரத்தத்துலயே ஊறினது மேடம். உசுருன்னா என்னன்னு தெரியாத ஜனம். என் பொண்ணு ரெண்டு நாளா பால்கூடக் குடிக்கல."

தாய் தலையை ஆட்டவில்லை. பேக்கரிக்காரம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க வீட்ல யாரும் கோழியத் தொட்டதில்லீங்க. நான் போட்டோவுக்குக் கலர் போட்டுட்டு இருந்தவ. இது உங்க ஊர்ல வந்து கத்துக்கிட்டது. உங்க பேக்கரி பப்ஸுக்கு தினம் நாப்பது கோழி வருதே, அது என் டேபிள்லேருந்துதான் வருது. உங்க வண்டிக்காரரு மூட்டை கட்டறப்போ நான்தான் எண்ணி விடறேன்."

"இங்க எதுக்குடி என் கடையை இழுக்கறே?"

"உங்க பொண்ணுக்குப் பிடிச்ச பப்ஸ்னு அவரே சொல்லுவாரு."

ஆபீசர் பேனாவைக் கீழே வைத்தார். பொம்மை வாங்கித் தருகிறேன் என்று கூட்டிக்கொண்டு போய்ப் பல் பிடுங்கிய குழந்தையின் முகம் அவருக்கு. "அப்போ இது வழக்கம் இல்லையா? சும்மா... ஒரு வேலைதானா?"

"வேலைதாங்க."

"வேலைன்னா ஒன்பதாவது பாரா பொருந்தாதேம்மா" என்றார், உண்மையான துக்கத்தோடு. பைலில் மூன்று தாளைத் தள்ளி அன்பு வகுப்பு பாரத்தை எடுத்தார். பேக்கரிக்காரம்மா பேனாவை நீட்டினாள். புருஷன் எழுந்திருக்கப் பார்த்தான்.

அப்போதுதான் மகள் எழுந்து நின்றாள்.

"அம்மா பொய் சொல்றாங்க."

நான் குறிப்பு எழுதுவதை நிறுத்தினேன். ஹெச்.எம்.கூட விழித்துக்கொண்டார்.

"எங்க ஊர்ல பொண்ணு பள்ளிக்கூடத்துல சேர்ந்தா அவ அம்மா கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் கோழி அறுக்கணும். அப்பதான் படிப்பு வரும். வெளியாளுங்ககிட்ட சொன்னா பலிக்காது. அதான் அம்மா மறைக்கறாங்க."

ஆபீசரின் கண் மெல்ல மெல்ல விரிந்தது. "பன்னிரண்டு துண்டு போட்டாங்களாமே, அது?"

"மாசத்துக்கு ஒண்ணு மேடம்."

"கோழிக்கு முதல்ல பேர் வைக்கணுமா?"

"ஆமா. பேர் வச்சதுதான் செல்லும். பேர் வைக்காததை வெட்டினா பாவம்."

டீச்சர் தேம்பிவிட்டாள். "அய்யோ, நான் தெரியாமலே சரியாப் பண்ணியிருக்கேன்!"

ஒன்பது வயசு! நானும் எத்தனையோ பொய் பார்த்தவன், சொன்னவன். ஆனால் எதிராளி கொண்டுவந்த கல்லை வாங்கி அவன் கண் முன்னாலேயே வீடு கட்டிக் குடியேறுகிற பொய்யை அன்றைக்குத்தான் பார்த்தேன். எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. ஆனால் நான் குமாஸ்தா. குறிப்பு எழுதினேன்.

"நீயும் பெரியவளானா இப்படி அறுப்பியா?" என்றாள் பேக்கரிக்காரம்மா, விடாமல்.

மகள் தாயை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் பார்க்கவில்லை.

"எனக்குப் பிடிக்காது ஆன்ட்டி. அம்மா கையைப் பார்த்தாலே எனக்குப் பயம். நைட்டு தூக்கம் வராது. நான் உங்க பொண்ணு மாதிரி இருக்கணும்."

பேக்கரிக்காரம்மா உருகிவிட்டாள். வெண்ணெய்க்குக்கூட அவ்வளவு சீக்கிரம் அது வராது. பிள்ளையை இழுத்து மடியில் அணைத்துக்கொண்டாள். ஆபீசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாயிடம் திரும்பினார்.

"நீங்க வெட்கப்பட வேண்டியதே இல்லம்மா. குழந்தை சொல்றது உண்மைதானே?"

தாய் தன் மகள் இன்னொருத்தியின் மடியில் இருப்பதைப் பார்த்தாள். பக்கத்து வகுப்பில் ஏதோ ஒரு பாட்டு ஆரம்பித்து முடிகிறவரை பார்த்தாள்.

"ஆமாங்க" என்றாள்.

அன்பு வகுப்பு பாரம் மறுபடி பைலுக்குள் போனது. பள்ளிக்கூடத்துக்கு அந்த வருஷம் சிறந்த வரவேற்புப் பள்ளி என்று ஒரு கேடயம் வந்தது. நாலாம் வகுப்புச் சுவரில் 'நம் நண்பர்களின் சடங்கு' என்று பெரிய படம், பன்னிரண்டு துண்டுக்கும் பன்னிரண்டு நிறம். தாய்க்கு ஒரு கடிதம் போனது. அதையும் நான்தான் அடித்தேன். 'தங்கள் தொன்மையான மரபை மனமார மதிக்கிறோம். அதே மதிப்பின் பொருட்டு, தாங்கள் பள்ளி வளாகத்துக்குள் வராமல் கேட்டுக்கு வெளியே நின்று குழந்தையை அழைத்துச் செல்லுமாறு அன்புடன் வேண்டுகிறோம்.'

பதினாலு வீட்டுக்கும் செய்தி போக ஒரு நாள்கூட ஆகவில்லை. பட்டறை வாசல் டீக்கடை பெஞ்சில் புருஷன் உட்கார்ந்தால் அவன் ஊர்க்காரர்கள் எழுந்து நின்று குடித்தார்கள்.

"எந்த ஊருப்பா அது, கிளாஸ்ல கோழி அறுக்கற ஊரு? எங்க மலையில இல்லியே" என்று ஒரு பெரியவர் கேட்டாராம்.

இவன் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகு வீட்டிலும் அவன் அதிகம் பேசவில்லை. சுவர்தான் பேசுவதில்லை, கதவாவது கிறீச்சிடும், இந்த ஆள் அதுகூட இல்லை என்பாள் என் வீட்டுக்காரி.

மகளுக்கு அந்தப் பொய் உடுத்த உடுத்த உடம்போடு ஒட்டிக்கொண்டது. அசெம்ப்ளியில் மைக் பிடித்துச் சடங்கைப் பற்றிப் பேசினாள். ஆபீசரம்மா மூன்று பள்ளிக்கூடத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு தடவையும் ஒரு முழம் நீளும். நான்காவது வாரம் மாடியிலிருந்து ஒரு பேச்சு இறங்கி வந்தது.

"அப்பா, நீ சோறு போடேன்."

"அம்மாதான் போடறாளே?"

"நீ போடு. அம்மா கை வேண்டாம்."

கரண்டி பாத்திரத்தில் பட்டது. பிறகு கரண்டி கைமாறிய சத்தம். நான் அதைக் கேட்டேன் என்று சொன்னால் என் வீட்டுக்காரி, "கரண்டி கைமாறினா சத்தம் வருமாக்கும்?" என்பாள். வரும்.

மூணரைக்கு ஷிப்ட் முடிந்ததும் தாய் நேராகப் பள்ளிக்கூடக் கேட்டுக்கு வந்துவிடுவாள். பூட்ஸ் ஈரம் காய்ந்திருக்காது. உள்ளே ஓர் அடி வைக்க மாட்டாள். அப்பா அம்மாக்கள் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம், நடுவில் ஒரு லாரி போகலாம். பெல் அடித்ததும் பிள்ளைகள் கம்பிக்குப் பின்னால் கூட்டமாக வந்து நின்று அவளைப் பார்க்கும்.

ஒரு நாள் மகள் மட்டும் கம்பிவரை வந்தாள். "அம்மா, ஒரே ஒரு தடவை செஞ்சு காட்டும்மா. சும்மா கையால. காட்டினா என்னை விளையாட்டு டீம்ல சேத்துக்கறேன்னாங்க."

"என்னத்தை?"

மகள் தன் கழுத்தில் விரலை இழுத்துக் காட்டினாள்.

தாய் சுற்றிலும் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். வெறுங்கையைத் தூக்கி, கம்பிப் பக்கம் ஓர் அடி பாய்ந்து, காற்றில் ஒரு வீச்சு. நாலு நொடிகூட இல்லை. பிள்ளைகள் வீறிட்டுக்கொண்டு பின்னால் ஓடி, விழுந்து, உருண்டு, சிரித்து, மறுபடி கம்பிக்கு ஓடி வந்தன. பேக்கரிக்காரம்மாவின் மகள்தான் எல்லோருக்கும் முன்னால். அன்றைக்கே இவள் மகளை டீமில் சேர்த்துக்கொண்டார்கள்.

அப்புறம் அது தினசரி ஆனது. நான் கேட் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு முன்னாலேயே போய் நின்றுவிடுவேன், நல்ல இடம் கிடைக்க வேண்டுமே. மகள் முதலில் டீமில் ஒருத்தி, அப்புறம் டீமுக்குத் தலைவி. யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று அவள்தான் கையைக் காட்டினாள்.

பரீட்சைக்கு முந்தின வாரம் என்று நினைவு. தாய் வழக்கம்போல் பாய்ந்தாள், வீசினாள். பிள்ளைகள் கத்தின. மகள் கூட்டத்தோடு தெருமுனைவரை போய்விட்டாள், இப்போதெல்லாம் அம்மாவோடு நடப்பதில்லை. தாய் பையை எடுக்காமல் நின்றாள். என்னைப் பார்த்தாள்.

"சார், நேத்தைவிட இன்னைக்கு சத்தம் கம்மியா இருந்துச்சில்ல?"

"கம்மிதான்" என்றேன். "பழகிட்டாங்க போல."

அவள் யோசித்தாள். உண்மையாகவே, பெரிய கணக்குப் போடுகிறவள் மாதிரி யோசித்தாள். "பயம் விட்டுப்போச்சுன்னா இவளைக் கழட்டி விட்டுருவாங்களே சார்." வெடித்த விரலால் உதட்டைத் தடவிப் பார்த்தாள். "பல்லைக் காட்டினா நல்லா இருக்குமா?"

"காட்டுங்க பார்ப்போம்."

காட்டினாள். கண்ணையும் உருட்டினாள். மலைக்கு அந்தப் பக்கம் யாருடைய உதட்டிலோ ஒரு இழை சிவப்பு வைத்த பெண்பிள்ளை, வெயிலில் என் முன்னால் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள், நான் பார்த்துச் சொல்லட்டும் என்று.

நான் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன்.

"இன்னும் கொஞ்சம் அகலமா" என்றேன்.